தாங்கி கட்டினார்கள், பீலியை யார் பார்ப்பது?

கடந்த டிசம்பர் விடுமுறையில் கோமாரிக்குப் போயிருந்தேன். எங்கள் பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் டீச்சரின் சொந்த ஊர் அது. பெரகலையிலிருந்து கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று இறங்கும் ஏ-4 வீதி பொத்துவிலில் கடலோரம் வந்து வடக்கே திரும்புகிறது. அதே வீதியில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் கோமாரி. நம் தோட்டங்களைத் தொட்டுக்கொண்டு போகும் வீதிதான் அந்த ஊருக்குள்ளும் போகிறது. மழையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரைக்கும் வடகீழ்ப் பருவமழை அவர்களையும் நனைக்கும், ஊவாப் பக்கத்துத் தோட்டங்களையும் நனைக்கும். ஜூலை, ஓகஸ்ட் வந்தால் இரண்டு இடத்திலும் தண்ணீருக்கு அலைச்சல்.

போன அன்று இரவே நல்ல மழை. டீச்சரின் அம்மா எழும்பி வாளி, கிடாரம், பேசின் எல்லாவற்றையும் தாழ்வாரத்தின் கீழே வரிசையாக வைக்கத் தொடங்கினார். லயத்தில் வளர்ந்த எனக்கு அது புதுக் காட்சியில்லை. புதினம் என்னவென்றால், அந்த வீட்டின் முன்பக்கம் முழுவதும் பீலி போட்டிருக்கிறது. பக்கத்திலே 5,000 லீற்றர் மழைநீர்த் தாங்கி ஒன்றும் நிற்கிறது. தண்ணீர் மட்டும் பீலியைத் தாண்டிக் குதித்து முற்றத்தில் விழுகிறது.

விடிந்ததும் தாங்கிக்குள் தடியை விட்டுப் பார்த்தோம். முழங்கால் அளவுகூட இல்லை.

“கட்டின நாள்ல இருந்து இது ஒரு மாரிக்கும் நிரம்பினதில்ல புள்ள” என்றார் அம்மா.

அது கட்டப்பட்ட கதை அந்தக் கரையோரத்தில் பல ஊர்களின் கதை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்து போனபோது கிணறுகள் உவர்த்துப்போயின. இறைத்தால் சரியாகிவிடும் என்று திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில், கீழேயிருந்த உப்புநீர் மேலேறி நிலைமை இன்னும் மோசமானது. மழைதான் அந்த நிலத்தை மெதுவாகக் கழுவியது. அந்தக் காலத்தில் வந்த நிறுவனம் ஒன்று இந்தத் தாங்கியைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. திறந்த அன்றைக்கு ரிபன் வெட்டிப் படமும் எடுத்தார்களாம். படத்தில் பீலி இருந்ததா என்று கேட்டேன். அம்மா சிரித்தார். பீலி பிறகு வீட்டுக்காரர் தங்கள் காசில் வாங்கி மாட்டியதாம்.

பொத்துவிலில் தகர வேலை செய்யும் முஸ்லிம் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தோம். டீச்சர் அவரை ‘காக்கா’ என்றார், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் ஏணி வைத்து ஏறவே இல்லை. முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் வீசி எறிந்துவிட்டு, கீழே நின்று பார்த்தார். பிறகு சொன்னார்: “பீலி பிழையில்ல மகள். மாட்டினதுதான் பிழை.”

அவர் காட்டிய பிழைகளைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வாசிப்பவர்களில் பாதிப்பேரின் வீட்டிலோ, பிள்ளைமடுவத்திலோ, கோவிலிலோ இதே பிழைகள்தான் இருக்கும்.

இருபத்துநான்கு அடி நீளப் பீலிக்கு நாலே நாலு கொழுக்கி. அதனால் நடுப்பகுதி தொய்ந்து, தண்ணீர் அங்கேயே கட்டி நிற்கிறது. இறங்கு குழாய் இருக்கும் முனையோ நடுவைவிட உயரத்தில். தண்ணீர் மேல்நோக்கி ஓடாது என்பதைப் பீலி மாட்டுகிறவர்கள் ஏன் மறந்துபோகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அடுத்தது, கூரைத் தகரம் பீலியின் அகலத்தில் பாதிக்கும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. சாரல் மழையில் தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே வழிந்து சுவரை நனைக்கும். அடைமழையில் அதே தண்ணீர் வேகமாகப் பாய்ந்து பீலியின் வெளி விளிம்பைத் தாண்டிப் போகும். ஆக, சின்ன மழை உள்பக்கத்தால் தப்புகிறது, பெரிய மழை வெளிப்பக்கத்தால் தப்புகிறது. நடுத்தரமாகப் பெய்யும் மழை மட்டுந்தான் பீலிக்கு.

தகரத்தின் அடியில் தண்ணீர் ஒட்டி வருவது சின்ன விஷயமில்லை. கதிர்காமப் பாத யாத்திரை போகிறவர்கள் உகந்தைக்குப் போகும் பக்கத்தில் குடும்பிகல என்ற இடத்தில் பழைய பிக்குகள் வாழ்ந்த குகைகள் இருக்கின்றன. குகையின் நெற்றியில் பாறையை நீளமாக வெட்டி ஒரு விளிம்பு செய்திருக்கிறார்கள். பாறையில் வழியும் மழைநீர் உள்ளே வராமல் அந்த விளிம்பில் அறுந்து வெளியே சொட்டும். 2,000 ஆண்டுகளுக்கு முன்னே அதை வெட்டியவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது.

காக்கா செய்த வேலை ஒரு பகலில் முடிந்தது. இரண்டு முனைக்கும் நூல் பிடித்து, அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் என்று வாட்டம் வைத்தார். இருபத்துநான்கு அடிக்கு மூன்று அங்குலம் இறக்கம். இரண்டு அடிக்கு ஒரு கொழுக்கி. தகரத்தின் நுனி பீலியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே போகாதபடி பீலியை வெளியே தள்ளினார். பிறகு, எனக்கு மிகவும் பிடித்த வேலை: ஓர் அடி அகலத் தகரத்தை நீளமாக வெட்டி மடித்து, கூரை விளிம்பில் ஆணி வைத்து, அதன் நுனி பீலிக்குள் தொங்குகிற மாதிரி அடித்தார். பாய்ந்து வரும் தண்ணீர் இந்தத் தகட்டில் மோதிப் பீலிக்குள் விழும். உள்ளே வழியும் தண்ணீரும் அதிலேயே இறங்கும். வாட்டத்துக்காகப் பீலியின் ஒரு முனை கூரையிலிருந்து தாழ்ந்து போகும்போது காற்று தண்ணீரை அள்ளிக்கொண்டு போகாமலும் அது காக்கும். கென்யாவின் வறண்ட பகுதிகளில் மழைநீர் சேர்க்கிறவர்களும் இப்படியொரு தகட்டைத்தான் கூரை விளிம்பில் அடிக்கிறார்கள். காக்காவுக்குக் கென்யாவைத் தெரியாது. தகரத்தைத் தெரியும்.

கடைசியில் இரண்டு அங்குல இறங்கு குழாயைக் கழற்றிவிட்டு நாலு அங்குலக் குழாய் வைத்தார். எவ்வளவு பெரிய பீலி வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கூரையில் ஒரு சதுர மீற்றருக்குப் பீலியின் வாயில் ஒரு சதுர சென்ரிமீற்றர். நாலு அங்குல பீவீசீ குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஏறத்தாழ 47 சதுர சென்ரிமீற்றர் கிடைக்கும். சாதாரண வீட்டின் ஒரு பக்கக் கூரைக்கு அது போதும். மழையின் கணக்கு இன்னும் எளியது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். அந்த வீட்டின் முன்பக்கக் கூரை கிட்டத்தட்ட 29 சதுர மீற்றர். ஐந்தில் ஒரு பங்கு சிதறிப் போனாலும் 215 மில்லிமீற்றர் மழைக்குத் தாங்கி நிரம்ப வேண்டும். மாரி காலத்தில் அந்தக் கரையில் ஒரு மாதத்திலேயே அதற்கு மேல் பெய்வது வழக்கம். எத்தனையோ மாரியாக அந்தத் தண்ணீரெல்லாம் முற்றத்து மணலுக்குள் போயிருக்கிறது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

பீலி என்றால் நமக்கு வேறு பொருளும் உண்டு. கோமாரியில் பீலி என்றால் கூரையோரத்தில் ஓடுவது. தோட்டத்தில் ‘பீலிக்குப் போயிட்டு வாறேன்’ என்றால் குடத்தோடு ஊற்றுக்கோ குழாயடிக்கோ போவது. நம் அம்மாமார் ஆயுளில் பாதியைப் பீலிக்கரையில் வரிசையில் நின்றே கழித்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தோளில் கூடை பட்ட தழும்போடு இடுப்பில் குடம். அந்தப் பீலியைப் பற்றிச் சங்கங்கள் பேசியிருக்கின்றன. தலைக்கு மேலே இருக்கவேண்டிய பீலியைப் பற்றிப் பேசியது குறைவு.

மழைநீர்த் தாங்கி நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. உலக வங்கியின் உதவியோடு நடந்த சமுதாய நீர் வழங்கல் திட்டம், 1995இல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5,000 லீற்றர் தாங்கிகளை வீடுகளுக்கு அறிமுகப்படுத்தியது. 2005இல் அரசாங்கம் மழைநீர் சேகரிப்புக்கென்று தேசியக் கொள்கையே வகுத்தது. 2007ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி, நகரங்களில் புதிதாக எழும் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கினார்கள். கொழும்பில் மாடி கட்டுகிறவர் வரைபடத்தில் பீலியையும் தாங்கியையும் காட்ட வேண்டும். வருஷத்தில் பாதி நாள் மழையில் நனையும் லயத்துக்கு அப்படிக் கேட்பார் இல்லை.

ஏன் இல்லை? கூரை யாருடையது என்பதற்குப் பதில் இல்லாததால்தான். நிலம் அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்தன. லயம் நிர்வாகத்தின் கையில். அதில் மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருக்கிறவருக்கு மட்டும் அதில் ஒரு ஆணி அடிக்கும் உரிமை இல்லை. கோமாரி அம்மாவின் வீடு அவருடைய வீடு. தகரக்காரரைக் கூட்டி வந்து ஒரு பகலில் வேலையை முடித்துவிட்டார். நான் பிறந்த லயத்தில் சில வருஷத்துக்கு முன் கடைசிக் காம்பராக் குடும்பம் ஒன்று குழாயைப் பிளந்து தங்கள் தாழ்வாரத்தில் கட்டியது. இரண்டாவது வாரமே கழற்றச் சொல்லி நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது. அனுமதியில்லாமல் கட்டடத்தில் மாற்றம் செய்தார்களாம். அதே லயத்தின் பின்பக்கம் தகரம் துருப்பிடித்து ஒழுகுவதாக எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு மட்டும் இன்னும் ஆள் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தப் பீலியைக் கழற்றியபோது பக்கத்துக் காம்பராக்காரரும் வருத்தப்படவில்லை. ‘எங்கள் கூரைத் தண்ணியும் சேர்ந்து அவங்க பீப்பாய்க்குத்தானே போகுது’ என்று முன்பே ஒரு சண்டை நடந்திருந்தது. லயத்தின் சிக்கலே இதுதான். பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே தாழ்வாரம். தனியாக ஒருவர் பீலி போட்டால் நிர்வாகம் ஒரு பக்கம், அயலவர் ஒரு பக்கம். நீளமும் ஒத்துவராது. பத்தடி அகலக் காம்பரா பன்னிரண்டு என்றால் 120 அடி. ஒரே வாட்டத்தில் ஒரே பீலி வைத்தால் கடைசி முனை ஒன்றேகால் அடி கீழே வந்து நிற்கும். வாசலில் தலை இடிக்கும்.

ஆனால் வழி இருக்கிறது. மூன்று காம்பராவுக்கு ஓர் இறங்கு குழாய் என்று பிரிக்க வேண்டும். குழாய் நடுக் காம்பராவின் நடுவில். இரண்டு பக்கத்திலிருந்தும் பதினைந்து பதினைந்து அடி நடுவை நோக்கிச் சரிந்தால் இறக்கம் இரண்டு அங்குலத்துக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு காம்பராவுக்கு நான்கு தாங்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று குடும்பம். இஸ்தோப்பையும் சேர்த்து மூன்று காம்பராவின் ஒரு பக்கக் கூரை ஏறத்தாழ 50 சதுர மீற்றர். ஒரு அங்குல மழைக்கு, சிதறியது போக 1,000 லீற்றர் சேரும். பத்து லீற்றர்க் குடத்தில் நூறு குடம். பீலிக்கரைக்கு நூறு நடை குறையும் என்று வீட்டில் தண்ணீர் சுமக்கிறவரிடம் சொல்லிப் பாருங்கள்.

வாட்டம் வைக்க வெளியிலிருந்து ஆள் வேண்டியதில்லை. தேயிலை மலையில் கான் வெட்டுகிறவர்கள் நாம். மலையில் குறுக்குக் கானுக்கு 120 அடிக்கு ஓரடி இறக்கம் என்பதைக் கண்ணாலேயே பிடிக்கும் ஆட்கள் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கிறார்கள். கம்பனியின் மண் அடித்துப் போகாமல் நூறு வருஷத்துக்கு மேலாகத் தண்ணீரை ஒழுங்காக நடத்திக் காட்டியவர்கள், சொந்தத் தாழ்வாரத்துத் தண்ணீரை நடத்த அனுமதி கேட்டு நிற்கிறார்கள்.

சேகரிக்காத தண்ணீர் சும்மாவும் போவதில்லை. தாழ்வாரத்தின் கீழே குழி பறித்து, சுவரின் அடியில் மண்ணை அரித்து, பின்பக்கச் சரிவுக்குள் இறங்குகிறது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கூரைப் பீலி மண்சரிவை நிறுத்தும் என்று நான் சொல்லவில்லை. மலை சரிவதற்குப் பெரிய காரணங்கள் இருக்கின்றன. ஆனால் மேல்நீரைச் சரிவுக்குள் தேங்கவிடாமல் ஒழுங்காக வெளியேற்றச் சொல்வது மண்சரிவு எச்சரிக்கைகளில் எப்போதும் இருக்கும் முதல் அறிவுரைகளில் ஒன்று. அந்த வேலை கூரையிலிருந்தே தொடங்குகிறது.

சங்கக் கூட்டத்தில் இதைப் பேசியபோது மூத்த தலைவர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார்: “லயத்தை உடைச்சு ஏழு பேர்ச்சில தனிவீடு குடுன்னு கேக்கிறோம். லயத்துக்குப் பீலி கேட்டா, லயமே போதும்னு நாமளே சொன்ன மாதிரி ஆகாதா டீச்சர்?” ஆகாது என்பதுதான் என் கருத்து. தனிவீட்டுக் கோரிக்கையிலிருந்து ஓர் அங்குலமும் இறங்கக் கூடாது. ஆனால் இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, 2017இல் நோர்வூட்டில் அறிவித்தது 10,000 வீடு என்று எண்ணிக்கொண்டே வந்தாலும், லயத்தில் இருக்கும் குடும்பங்களின் தொகை அதைவிட எத்தனையோ மடங்கு. இன்றைக்குப் பிறந்த பிள்ளை லயத்திலேயே பள்ளிக்கூடம் போய் முடிக்கும். அது வரைக்கும் அதன் தாய் குடம் சுமக்க வேண்டுமா? இன்னொன்று, கட்டி முடித்துத் திறப்பு விழா வைத்த 550 சதுர அடிப் புதுவீடுகளிலும் நான் போய்ப் பார்த்த பலவற்றில் பீலி இல்லை. பீலியைக் கோரிக்கையில் சேர்க்காவிட்டால் தனிவீடு வந்த பிறகும் தாழ்வாரத்தில் கிடாரம் வைத்துக்கொண்டுதான் இருப்போம்.

டெங்கு வரும் என்ற பயமும் சொல்லப்படுகிறது. நுளம்பு பெருகும் என்று சுகாதாரப் பரிசோதகருக்குப் பயந்து பீலியைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. பயம் சரி, வைத்தியம் பிழை. நுளம்பு தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், ஓடும் தண்ணீரில் இல்லை. தொய்ந்த பீலிதான் ஆபத்து. வாட்டமுள்ள பீலி மழை விட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். சருகை மாரிக்கு முன் ஒரு தடவையும் நடுவில் இரண்டு மூன்று தடவையும் வாரி எறிய வேண்டும். தாங்கியின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் மழையில் கூரைக் குப்பை எல்லாம் கழுவி வரும், அதைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிட வேண்டும். பழைய துருத் தகரத்திலும் அஸ்பெஸ்டஸ் கூரையிலும் விழும் தண்ணீரைத் துவைக்க, கழுவ, கக்கூசுக்கு வைத்துக்கொள்வோம். குடிக்க எடுப்பதை எந்தக் கூரையாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

ஆகவே நிர்வாகத்தோடும் டிரஸ்டோடும் வரும் பேச்சில் நமது சங்கம் இதைத் தனிக் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்கிறேன். லயத் திருத்த வேலை நடக்கும்போது தகரம் மாற்றுவதோடு பீலியும் இறங்கு குழாயும் அதே மதிப்பீட்டில் வரவேண்டும். அதுவரை குடியிருப்பவர்கள் சேர்ந்து தங்கள் செலவில் பீலி பொருத்தினால் கழற்றச் சொல்லமாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் தரவேண்டும். புதுவீட்டின் மதிப்பீட்டில் இரண்டு பக்கக் கூரைக்கும் பீலி இருக்க வேண்டும். பெருந்தோட்டப் பிரதேசப் புதிய கிராமங்களுக்கென்று 2018இல் சட்டம் போட்டு அதிகார சபை அமைத்திருக்கிறார்கள். புதுவீடு பற்றிய கேள்வியை அங்கே கேட்போம். எந்த நிறுவனம் தாங்கி கட்டித் தந்தாலும், கூரையில் பத்து வாளித் தண்ணீர் ஊற்றி அது தாங்கிக்குள் வருகிறதா என்று குடியிருப்பவர் முன்னால் பார்த்த பிறகே தோட்டக் கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும். ரிபன் அதற்குப் பிறகு வெட்டட்டும்.

பேச்சுக்குப் போகுமுன் கையில் கணக்கு வேண்டும். ஒவ்வொரு டிவிசன் கமிட்டியும் தங்கள் லயங்களின் நீளம், காம்பரா எண்ணிக்கை, கூரை தகரமா அஸ்பெஸ்டஸா, இப்போது பீலி இருக்கிறதா, இருந்தால் மழைக்குத் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதி, செப்டம்பர் மாதச் சந்தாப் பட்டியலோடு மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கட்டும். அளக்கும் நாளில் மாதர் சங்கத்து அக்காமாரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். எந்த மூலையில் எவ்வளவு விழுகிறது என்பது வாளி வைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் டிவிசனில் ஒரு லயத்தை அளந்து முடித்துவிட்டோம், 118 அடி.